பட்டறைக்கு யார் வாரிசு?

அன்புள்ள சார்,

நாச்சியார்கோவிலில் எங்கள் குடும்பம் குத்துவிளக்கும் கோயில் மணியும் வார்க்கிறது. கொள்ளுத்தாத்தா ஆரம்பித்த பட்டறை. போன வருடம் சித்தப்பா பாகம் பிரித்துக்கொண்டு தனியாகப் போய்விட்டார். மணிக்கு உலோகம் கலக்கும் கணக்கை அப்பா அண்ணனுக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார். அண்ணன் துபாயில் இருக்கிறான், திரும்பி வரும் எண்ணம் அவனுக்கு இல்லை. எனக்கு ஆசை இருக்கிறது. கேட்டால், "மூணு தலைமுறைக்கு மேல எந்தத் தொழிலும் ஒரு வீட்டுல நிக்காதும்மா" என்கிறார் அப்பா. அது உண்மையா? அப்படி நின்ற குடும்பம் எங்காவது உண்டா?

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

உண்டு. அதுவும் உங்கள் தொழிலுக்குப் பங்காளித் தொழில். டிரம்ஸ் வாசிப்பவருக்கு முன்னால் ஸ்டாண்டில் தட்டுத்தட்டாக நிற்குமே, சிம்பல், நம் கைத்தாளத்துக்குப் பெரியண்ணன் மாதிரி. அதில் பலவற்றில் 'ஜில்ட்ஜியன்' என்று அச்சடித்திருக்கும். அது ஒரு குடும்பத்தின் பெயர். நானூறு வருடமாக அவர்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

குடும்பத்தார் சொல்லும் கதைப்படி, 1618-இல் கான்ஸ்டான்டினோப்பிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், அவெதிஸ் என்ற ஆர்மீனியர் ரசவாதம் செய்யப்போய், தங்கத்துக்குப் பதில் நன்றாக ஒலிக்கிற ஒரு வெண்கலத்தைக் கண்டுபிடித்தார். சுல்தானின் படை வாத்தியங்களுக்குத் தாளம் செய்து கொடுத்தார். துருக்கி மொழியில் 'ஜில்' என்றால் தாளம், 'ஜி' என்றால் அதைச் செய்பவர். ஆர்மீனியப் பெயர்களில் வருகிற 'யன்' சேர்ந்து அதுவே குடும்பப் பெயர் ஆனது. 1623-இல் அவெதிஸ் அரண்மனையை விட்டு வெளியே வந்து சொந்தப் பட்டறை போட்டார்.

கலவைக் கணக்கை எழுதி வைப்பதில்லை, வீட்டின் ஆண் வாரிசுக்கு மட்டும் வாயால் சொல்வது என்பது அவர்களின் பழைய வழக்கம். அப்படியே உங்கள் அப்பா!

ஆனால் அந்தக் கணக்கு என்ன? செம்பு நூற்றுக்கு எண்பது, வெள்ளீயம் இருபது, துளி வெள்ளி. இன்று யார் வேண்டுமானாலும் தெரிந்துகொள்ளலாம். நம் ஆதிச்சநல்லூரில் கிடைத்த வெண்கலக் கிண்ணங்களில் வெள்ளீயம் இருபதைத் தாண்டியவை இருப்பதை உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் காட்டியிருக்கிறார். இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம் கண்ணாடி மாதிரி எளிதில் உடையும், தானாக ஆறிய பிறகு சுத்தியலால் அடித்தால் விண்டுபோகும். அதை எந்தச் சூட்டில் தட்டுவது, எப்போது தண்ணீரில் முக்குவது, எங்கே நிறுத்துவது என்பதில்தான் வித்தையே இருக்கிறது. அதை யார் காதிலும் ரகசியமாகச் சொல்லிவிட முடியாது. கூடவே நின்று பழக வேண்டும்.

சரி, வாரிசு விஷயத்துக்கு வருகிறேன். அப்பா, மகன், பேரன் என்று அங்கே நேர்கோடாக ஒன்றும் நடக்கவில்லை. 1865-இல் இரண்டாம் அவெதிஸ் இறந்தபோது பிள்ளைகள் சிறியவர்கள், அதனால் தம்பி கெரோப் பட்டறையை எடுத்து நடத்தினார். அப்புறம் 1927-இல், வாரிசு இல்லாத அராம் என்ற பெரியவர் அமெரிக்காவில் இருந்த அண்ணன் மகனுக்குக் கடிதம் எழுதினார். இனி பொறுப்பு உன்னுடையது, வந்து எடுத்துக்கொள் என்று. அந்த மகன், மூன்றாம் அவெதிஸ், அப்போது பாஸ்டன் பக்கம் மிட்டாய் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். நன்றாக ஓடுகிற தொழில். ஊருக்குத் திரும்ப அவருக்கு விருப்பம் இல்லை. மனைவி சாலிதான் விடாமல் எடுத்துச் சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தார். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அமெரிக்கப் பெண் அவர். அவர் பேசியிருக்காவிட்டால் அந்தக் கதை மிட்டாயோடு முடிந்திருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

அவெதிஸ் ஊருக்குப் போகவில்லை, தொழிலை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். அராமே கப்பலேறி வந்து உதவினார். 1929-இல் மாசசூசெட்ஸில் குவின்சி என்ற ஊரில் உலை மூட்டினார்கள். அதே வருடம்தான் பங்குச் சந்தை சரிந்து பெருமந்தம் தொடங்கியது. அவெதிஸ் அசரவில்லை. ஜாஸ் வாசிப்பவர்களிடம் போய், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். ஜீன் குரூப்பா போன்றவர்கள் மெல்லிய தட்டு கேட்டார்கள். படை வாத்தியத்துக்கு முந்நூறு வருடம் செய்த சரக்கை மாற்றி, மெல்லியதாக அடித்துக் கொடுத்தார். அந்த வீட்டின் வரலாற்றில் என்னை மிகவும் தொட்ட இடம் இதுதான்.

பாகப்பிரிவினையும் அங்கே உண்டு. அவெதிஸ் 1979-இல் இறந்த பிறகு மகன்கள் ஆர்மண்டும் ராபர்ட்டும் கோர்ட் வரை போனார்கள். ராபர்ட் 1981-இல் பிரிந்து, கனடாவில் இருந்த ஆலையை எடுத்துக்கொண்டு, தன் மூன்று பிள்ளைகளின் பெயரெழுத்துகளைச் சேர்த்து 'சேபியன்' என்று புதுப் பெயர் வைத்தார். இன்று இரண்டுமே உலகப் பெயர்கள். உங்கள் சித்தப்பா போனதை அழிவின் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். மனவருத்தம் இருக்கும், அது வேறு.

1999-இல் ஆர்மண்டின் மகள் கிரேகி நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார், பதினான்காம் தலைமுறை. அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண். இதை உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லுங்கள், எனக்கு இது அதைவிட முக்கியம். குடும்பம் அமெரிக்கா போன பிறகும் இஸ்தான்புல்லில் பழைய பட்டறை ஐம்பது வருடம் போல ஓடியது. எழுபதுகளின் கடைசியில் அதை மூடினார்கள். சிறுவயதிலிருந்தே அங்கே சுத்தியல் பிடித்த ஆகோப், மெஹ்மெத் என்ற இரண்டு பேர் சேர்ந்து சொந்தமாகச் செய்யத் தொடங்கினார்கள். அவர்கள் ஜில்ட்ஜியன் வீட்டுப் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் கையால் அடித்த பழைய துருக்கித் தட்டின் ஒலியைத் தேடுகிறவர்கள் இன்றும் அந்த இருவர் பெயரில் வரும் தட்டுகளை வாங்குகிறார்கள்.

உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பட்டறையில் ஒருமுறை மணி வார்ப்பதைப் பார்த்திருக்கிறேன். உலோகம் உருகும் மூசைக்கு முன்னால் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் குந்தியிருந்தார். சூடு பார்க்கும் கருவி எதுவும் கிடையாது. தீயின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்து, திடீரென்று "எடு" என்றார். மறுநாள் மண்ணை உடைத்து மணிகளை எடுத்து, ஒவ்வொன்றாகக் கயிற்றில் தூக்கி, விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிக் காதை வைத்தார். ஐந்தாவதை மட்டும் ஒதுக்கினார். எனக்கு ஐந்தும் ஒரே மாதிரிதான் கேட்டன. அவர் முதலாளி வீட்டுக்காரர் இல்லை, பதினோரு வயதில் வேலைக்கு வந்தவராம். அவருக்குப் பிறகு யார் என்று கேட்டேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை.

உங்கள் பட்டறையிலும் அப்படி ஒருவர் இருப்பார். அப்பா கணக்கைச் சொல்வாரா மாட்டாரா என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த வார்ப்பு என்றைக்கு என்று கேட்டு, லீவு போட்டுவிட்டுப் போய் அந்தப் பெரியவர் பக்கத்தில் உட்காருங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.