மாதவிடாய் நின்ற பின் ரத்தம் சொல்லும் செய்தி

கேள்வி: எனக்கு வயது 54. மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எடை அதிகம் கூடவில்லை. வயிறு மட்டும் பெருத்துவிட்டது. வெறும் வயிற்றில் சர்க்கரை 108, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1, ரத்தக் கொழுப்பு வகையான டிரைகிளிசரைடு 190, எச்டிஎல் 41. கொழுப்புத் திசு சுரக்கும் ஹார்மோன்களான லெப்டின், அடிபோனெக்டின் பரிசோதனைகளும் செய்துகொள்ள வேண்டுமா? – ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தேவையில்லை, சகோதரி. கொழுப்புத் திசு பெருகும்போது லெப்டின் கூடுவதும், வயிற்றுக்குள் கொழுப்பு சேரும்போது அடிபோனெக்டின் குறைவதும் உண்மைதான். ஆனால் அவை ஆராய்ச்சிக்குப் பயன்படும் அளவுக்குச் சிகிச்சையைத் தீர்மானிக்கப் பயன்படுவதில்லை.

உங்கள் கையில் உள்ள முடிவுகளே போதிய அளவு பேசுகின்றன. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைந்தபின், இடுப்பிலும் தொடையிலும் தங்கிய கொழுப்பு வயிற்றுக்குள், குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேரத் தொடங்குகிறது. அங்கிருந்து கல்லீரலுக்குச் செல்லும் கொழுப்பு அமிலங்கள் இன்சுலினின் வேலையைத் தடுப்பதால், எடை மாறாமலேயே சர்க்கரையும் டிரைகிளிசரைடும் உயர்கின்றன, நல்ல கொழுப்பான எச்டிஎல் குறைகிறது. சர்க்கரை 100 முதல் 125 வரையும், எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரையும் இருப்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை. பெண்களுக்கு எச்டிஎல் 50-க்குக் குறையக் கூடாது. டிரைகிளிசரைடு 150-க்குள் இருப்பது நல்லது. "எல்லையில்தானே இருக்கிறது" என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். மீட்டெடுக்க ஏற்ற காலம் இதுவே.

தொப்புளை ஒட்டி நாடா வைத்து அளந்து பாருங்கள்; நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரே வரம்பு. ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள், ஏனெனில் இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும்.