யாருக்க மொவன்லே நீ?

அன்புள்ள ஐயா,

அப்பாவின் பழைய பென்டாக்ஸ் கே1000 கேமராவைச் சரிசெய்து, 400 வேக கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்டு, குமரி மாவட்டத்துக் குருசடிகளையும் (சிலுவை நாட்டிய சிறு வழிபாட்டு இடங்கள்) கல்லறைத் தோட்டங்களையும் எடுத்துவருகிறேன். போன ஞாயிறு ஒரு கடற்கரை ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பாட்டி, "யாருக்க மொவன்லே நீ?" என்று சத்தம் போட்டார். கேமராவைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். கல்லறைகளைப் படம் எடுப்பது தவறா? கழுவி வந்த ஃபிலிமிலும் குறை. சுண்ணாம்படித்த கல்லறைகள் சாம்பலாக இருக்கின்றன. கண்ணாடிக் கூண்டுக்குள் மாதா சுரூபத்துக்குப் பதில் நான் தெரிகிறேன்.

வாசகர், மார்த்தாண்டம்

அன்புள்ள தம்பிக்கு,

மாதா இடத்தில் நீங்கள் நிற்கும் படத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பிற்காலத்தில் சிரிக்க உதவும். கண்ணாடிக்கு நேர் எதிரே நின்றால் போலரைசர் ஃபில்டர் போட்டாலும் பயனில்லை. பக்கவாட்டில் நகர்ந்து, கண்ணாடிப் பரப்புக்குச் சுமார் 35 டிகிரியில் பார்த்தால்தான் அது பிரதிபலிப்பை நன்றாக வெட்டும். ஃபில்டர் இல்லையா, கூட வந்தவரிடம் ஒரு கறுப்புத் துணியை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

பாட்டி உங்களை விரட்டவில்லை, கேள்விதான் கேட்டார். நம் பக்கத்தில் "யாருக்க மொவன்" என்பதற்கு அப்பா பெயரையும் ஊரையும் சொன்னால், அடுத்த கேள்வி சாயா குடித்தாயா என்பதாகத்தான் இருக்கும். பதில் சொல்லாமல் ஓடுகிறவனைப் பற்றி அவர் என்ன நினைப்பார்?

எனக்கும் இது நடந்தது, முட்டம் பக்கம். கேட்டவர் ஒரு பெரியவர். அப்பா பெயரைச் சொன்னேன். யோசித்துவிட்டு, தன் மனைவியின் கல்லறையைக் காட்டி, கூடவே தன்னையும் நிறுத்தி எடுக்கச் சொன்னார். "நில்லு, வாறேன்" என்று வீட்டுக்குப் போனவர் ஒரு மணி நேரம் கழித்து வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக வந்தார். வெள்ளைக் கல்லறை, வெள்ளை மணல், வெள்ளைச் சட்டை. வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டர் காட்டியதை நம்பி எடுத்தேன். உங்களுக்கு வந்த அதே சாம்பல்தான் எனக்கும் வந்தது. அவரோ, "சட்டைய நல்லா வெளுக்கேலன்னு நெனப்பாங்களே" என்றார். மறுபடி போய் எடுத்துக் கொடுத்தேன்.

மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச்சாம்பலாக்கத்தான் கணக்குப் போடும். அதனால் வெள்ளைக் கல்லறைக்கு அது சொல்வதைவிட ஒன்றரை, இரண்டு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் கொடுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). இல்லையென்றால் அதே வெயிலில் உள்ளங்கையில் வெளிச்சத்தை அளந்து ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். கை எப்போதும் கூடவே வரும்.

எதை எடுக்கலாம் என்பதற்கு என்னிடம் சட்டமில்லை. குளச்சலில் 2004 சுனாமியில் போனவர்களை ஒன்றாகப் புதைத்த இடத்தில் நான் இன்றுவரை கேமராவை வெளியே எடுத்ததில்லை. ஏனென்று விளக்கத் தெரியவில்லை.

பழகிப் பார்க்க உதயகிரிக் கோட்டைக்குப் போங்கள். 1741 குளச்சல் போரில் டச்சுப் படையிலிருந்து பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியான டி லனாய், கூரை போன தேவாலயத்துக்குள் 1777 முதல் படுத்திருக்கிறார். யாருக்க மொவன் என்று கேட்க மாட்டார். கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கும். உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் வெளிச்சத்தைப் பக்கத்திலிருந்து தாழ்வாக அடித்தால் எழுத்துப் பள்ளங்களில் நிழல் விழுந்து வாசிக்கும்படி வரும்.

அப்புறம், நவம்பர் 2 சாயங்காலம் அந்தப் பாட்டியின் ஊருக்கே போங்கள். கல்லறைத் திருவிழாவுக்கு அன்று ஊரே அங்குதான் இருக்கும். மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்கு லென்ஸை எஃப் 2 அளவுக்கு அகலத் திறந்து 1/15 நொடியில் தொடங்கலாம், கேமராவைச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள். திரி மட்டும் எரியும் இருட்டில் கணக்குப்படி 10 நொடி வந்தால், எச்பி5 என்ற 400 வேகக் கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு 20 நொடி கொடுங்கள், நீண்ட நேரத்தில் ஃபிலிம் சோர்ந்துவிடும். போகும்போது மெழுகுவர்த்தி ஒரு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தீப்பெட்டி இரண்டாக இருக்கட்டும், கடல்காற்று ஒன்றைத் தீர்த்துவிடும்.