நண்பர்களோடு சேலத்துச் சிறுகடைகளில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பெங்களூரில் வேலை பார்த்த நாங்கள் நால்வர் இப்போது ஊர் திரும்பி, வீட்டிலிருந்தே பணிபுரிகிறோம். வாரத்தில் ஒரு மாலை சேலத்தின் சின்னச் சின்னக் கடைகளைத் தேடிப் போய்ச் சாப்பிட எண்ணியிருக்கிறோம். எங்கிருந்து தொடங்கலாம்? (வாசகர், அஸ்தம்பட்டி)

பதில்: தட்டுவடை செட்டிலிருந்து தொடங்குங்கள். உள்ளூர்க்காரர்களிடம் போய் இதைச் சொல்ல வேண்டுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் நம்மில் பலர் பள்ளிக்கூட நாளில் பழகிய ஒரே கடையில், ஒரே வகையை மட்டும் உண்டு, அதுவே சேலத்துச் சுவை என்று நினைத்திருக்கிறோம். செவ்வாய்ப்பேட்டையில் கிடைப்பதும் அம்மாப்பேட்டையில் கிடைப்பதும் குகையில் கிடைப்பதும் ஒன்றல்ல என்பது, ஒரே மாலையில் அடுத்தடுத்து உண்டு பார்த்தால்தான் விளங்கும்.

பொருள்கள் எல்லாக் கடையிலும் ஏறத்தாழ ஒன்றுதான். சிறியதாகத் தட்டிப் பொரித்த தட்டுவடையின் மேல் கொத்தமல்லியும் புதினாவும் அரைத்த பச்சைச் சட்னியையும், மிளகாயும் பூண்டும் அரைத்த சிவப்புச் சட்னியையும் தடவி, துருவிய பீட்ரூட், காரட், பொடியாக அரிந்த வெங்காயம் ஆகியவற்றை வைத்து, மற்றொரு தட்டுவடையால் மூடித் தருகிறார்கள். அதையே நொறுக்கிக் கலந்தால் நொறுக்கல், தட்டுவடைக்குப் பதில் முறுக்கு வைத்தால் முறுக்கு செட், முட்டை சேர்த்தால் முட்டை நொறுக்கல் என்று பட்டியல் நீளும். வேறுபாடு முழுவதும் சட்னியில் இருக்கிறது. ஒரு கடையில் பூண்டு முந்தி நிற்கும். மற்றொன்றில் புதினா மேலோங்கும். இன்னொன்றில் சிவப்புச் சட்னியில் இனிப்பு தட்டும். ஆகவே முதல் மாலையில் சாதா செட்டை மட்டும் கேளுங்கள். நொறுக்கலில் எல்லாம் கலந்துவிடுவதால் சட்னியின் குணம் தனியாகத் தெரியாது; கடையை அறிந்துகொள்ள உதவுவது சாதா செட்தான் என்பது என் உறுதியான கருத்து.

நால்வராகப் போவதில் உள்ள பெரிய நன்மையை இங்கே பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு தட்டு வாங்கினால் முதல் கடையிலேயே வயிறு நிரம்பிவிடும். ஒரு தட்டை நால்வரும் பங்கிட்டுக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்தால், ஒருவர் தனியாக ஒரு மாதத்தில் அறிவதை நால்வரும் ஒரே மாலையில் அறியலாம். கைக்கு வந்தவுடன் உண்டுவிடுங்கள். துருவிய காய்கறியில் உப்புப் படும்போது நீர் விடும். அந்த நீரும் சட்னியின் ஈரமும் சேர்ந்து சில நிமிடங்களில் தட்டுவடையின் மொறுமொறுப்பைக் கெடுத்துவிடும். அதனால்தான் செட்டைப் பார்சல் வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. வாங்கியே தீர வேண்டுமென்றால் தட்டுவடை, காய், சட்னி மூன்றையும் தனித்தனியாகக் கட்டித் தரச் சொல்லி, வீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நடைப்பயிற்சியில் தோழிகளான நாங்கள் ஐவரும் ஐம்பதைக் கடந்தவர்கள். தெருவோரக் கடையில் நின்று சாப்பிட ஆசையாக இருக்கிறது. ஆனால் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சமும் இருக்கிறது. பிள்ளைகளிடம் சொன்னால் வாங்கி வந்து கொடுத்துவிடுகிறார்கள். (வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்)

பதில்: அம்மா, பிள்ளைகள் வாங்கி வந்து தருவது அன்பு; ஆனால் நீங்கள் ஆசைப்படுவது பலகாரத்துக்கு மட்டுமல்ல, தோழிகளோடு வெளியே போய் உண்பதற்கும் சேர்த்துத்தான் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. நாள்தோறும் பிறருக்குப் பரிமாறியவர்கள், தங்களுக்குப் பிடித்ததைத் தாங்களே கேட்டு வாங்கி, சூடு ஆறுவதற்குள் உண்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தயவுசெய்து போங்கள்.

நேரத்தை மட்டும் சற்றுத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள். கடை திறந்த சிறிது நேரத்தில், மாலை ஐந்து மணியளவில் போனால் கூட்டம் குறைவு. காய்கறி அப்போதுதான் துருவியதாக இருக்கும். கடைக்காரருக்கும் உங்களோடு பேச நேரம் கிடைக்கும். காரம் குறைத்துப் போடச் சொன்னால் போட்டுத் தருவார். மூட்டுவலி உள்ளவர்கள் இருந்தால் பெஞ்சோ நாற்காலியோ போட்டிருக்கும் கடையை முன்கூட்டியே ஒருவர் பார்த்து வையுங்கள். சட்னியில் உப்பும் காரமும் கூடுதலாக இருக்கும் என்பதால், இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்பவர்கள் இரண்டு செட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இரண்டாம் முறை போகும்போது கூச்சம் தானாகவே விலகியிருக்கும்.

கேள்வி: மதியச் சாப்பாட்டுக்கு அசைவ மெஸ்ஸுக்கு நண்பர்களோடு போனால் ஆளுக்கொன்று சொல்லி, மேசை நிறைந்து, பாதி மீந்துவிடுகிறது. எப்படிச் சொல்வது? (வாசகர், சூரமங்கலம்)

பதில்: மெஸ்ஸில் சாப்பாட்டோடு வரும் குழம்புகளே பாதி விருந்து என்பதை மறந்து, உட்கார்ந்தவுடன் வறுவல்களை அடுக்கிச் சொல்வதால்தான் இது நேர்கிறது. முதலில் சாப்பாட்டை மட்டும் சொல்லி, கறிக்குழம்பையும் மீன் குழம்பையும் ஒரு வாய் உண்டு பாருங்கள். பிறகு மேசைக்குப் பொதுவாக, ஒன்று குழம்போடு சேர்வதாகவும் மற்றொன்று உலர்ந்ததாகவும் இரண்டு மட்டும் கேளுங்கள். குழம்போடு சேர்வதற்குக் குடல் அல்லது தலைக்கறி பொருந்தும். உலர்ந்ததற்குப் பள்ளிபாளையம் சிக்கனைச் சொல்வேன். அந்த ஊர், 1997-இல் பிரிக்கப்பட்டு நாமக்கல் மாவட்டம் உருவாகும் வரை நம் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல், கறிவேப்பிலை, மஞ்சள் ஆகியவற்றோடு கோழியைப் புரட்டி எடுக்கும் அந்தச் சமையலில் மசாலாத் தூளுக்குப் பெரிய இடம் கிடையாது. தேங்காய்ப் பல்லைக் காணாமல், மசாலா மட்டும் அப்பியிருந்தால், அந்தக் கடையில் அதை மறுமுறை கேட்க வேண்டாம்.

ஒரு மணிக்கு முன்பே போய்விடுங்கள். நல்ல மெஸ்ஸில் அளவாகத்தான் சமைப்பார்கள். இரண்டரை மணிக்கு மேல் போய் இல்லை என்று கேட்டுக்கொள்வதைவிட, வெயிலில் சற்று முன்னதாகக் கிளம்புவது மேல்.

கேள்வி: சிறுகடைகளில் சுத்தத்தை எப்படி அறிவது? எண்ணெயைப் பார்த்தால் போதுமா? (வாசகி, கொண்டலாம்பட்டி)

பதில்: எண்ணெயைப் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். மீண்டும் மீண்டும் சூடாக்கிய எண்ணெய் கறுத்து, கெட்டிப்பட்டு, நுரைத்து, சீக்கிரமே புகையும். அத்தகைய எண்ணெய் சிதைவதால் உருவாகும் துருவச் சேர்மங்கள் என்ற வேதிப்பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. கண்ணால் அந்த அளவை அளக்க முடியாவிட்டாலும், அடி தெரியாத கறுப்பு எண்ணெயை விட்டு விலகலாம்.

ஆயினும் கொதிக்கும் எண்ணெயில் கிருமிகள் பிழைப்பதில்லை. வயிற்றைக் கெடுப்பவை பெரும்பாலும் சூடு காட்டாதவை: பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்த சட்னி, துருவிய காய், அரிந்த வெங்காயம், குடிக்கத் தரும் நீர். ஆகவே சட்னிப் பாத்திரம் மூடியிருக்கிறதா, தனிக் கரண்டி உள்ளதா, பணம் வாங்கும் கையே காயையும் அள்ளுகிறதா, தட்டுகளை ஒரே வாளி நீரில் முக்கி எடுக்கிறார்களா என்று நின்று பாருங்கள். பாக்கு மட்டைத் தட்டிலோ வாழையிலையிலோ தரும் கடைக்கு நான் முதலிடம் கொடுப்பேன். அச்சிட்ட செய்தித்தாளில் பஜ்ஜியை வைத்துக் கொடுத்தால், மை எண்ணெயில் இறங்கும் என்று சொல்லி வேறு தாள் கேளுங்கள். சிறுகடையாயினும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். அந்த 14 இலக்க எண்ணைக் கடையில் பார்வையாக வைத்திருக்க வேண்டும். விற்பனை விரைவாக நடக்கும் கடையில் பொருள் தேங்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவன் சைவம், ஒருவனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. செலவைச் சமமாகப் பிரிப்பது நியாயமா? (வாசகர், ஐந்து ரோடு)

பதில்: நியாயமன்று. சைவ நண்பர் கறிக்குப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. வேலை தேடும் நண்பர் கணக்குப் பார்க்கும் நேரத்தில் தலைகுனிய வேண்டியதும் இல்லை. வேலையில் இருப்பவர்கள் முறைவைத்து ஒவ்வொரு வாரமும் ஒருவர் முழுச் செலவை ஏற்பதும், வேலை தேடுபவரின் முறையைத் தேநீர் வாங்கித் தரும் அளவில் வைத்துக்கொள்வதும் நான் அறிந்தவற்றுள் சிறந்த ஏற்பாடு. கடையில் ஒருவரே பணம் செலுத்துங்கள். கூட்ட நேரத்தில் ஐந்து பேர் ஐந்து கைப்பேசியை நீட்டி முப்பதும் நாற்பதுமாக அனுப்பினால், ஒவ்வொன்றும் வந்ததா என்று பார்ப்பதற்குள் கடைக்காரரின் கல்லில் தோசை கருகும். உங்களுக்குள் பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

கேள்வி: சில உணவகங்களில் ரசீதில் சேவைக் கட்டணம் சேர்க்கிறார்களே? (வாசகர், அரிசிப்பாளையம்)

பதில்: தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் அறிவித்துவிட்டது, நீக்கச் சொல்லலாம், மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். சாதாரண உணவகங்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தாமே வரியாகக் கட்டும், சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் உள்ள கடை அந்த வரியை உங்களிடம் தனியாக வசூலிக்க முடியாது.

கேள்வி: ஏற்காட்டுக்கு நண்பர்கள் எட்டுப் பேர் போகிறோம். விடுதிச் சாப்பாடு வேண்டாம்; உள்ளூர்க் கடைகளில்தான் சாப்பிடுவது என்று முடிவு. எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகி, தாதகாப்பட்டி)

பதில்: நல்ல முடிவு. சேலத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால் வயிறு நிறைய உண்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். இரண்டு இட்லியோடு புறப்பட்டு, மேலே போய்ப் பசியோடு இறங்குங்கள்.

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். ஆதலால் அங்கே அரிசியும் பருப்பும் வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். எட்டுப் பேர் திடீரென்று ஒரு சின்ன மெஸ்ஸில் நுழைந்து சோறு கேட்டால் அவர்கள் திணறிப்போவார்கள். காலையில் போனவுடன் ஒரு கடையில் ஆள் கணக்கையும் நேரத்தையும் சொல்லிவிட்டுச் சுற்றப் போங்கள். மதியம் சூடான சாப்பாடு காத்திருக்கும். மே மாதக் கோடை விழா நாள்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் இந்த முன்னேற்பாடு இல்லாமல் போகவே வேண்டாம்.

மாலையில் ஏரிப் பக்கம் பஜ்ஜிக் கடைகளுக்குப் போங்கள். மலைக்காற்றில் பஜ்ஜி விரைவில் ஆறிவிடும். தட்டில் குவித்து வைத்திருப்பதை விட்டுவிட்டு, வாணலியில் வேகிறதைக் காட்டிக் கேளுங்கள். எட்டுப் பேருக்கும் ஒரே தடவையில் சொல்லாமல், மிளகாய் பஜ்ஜி ஒரு சுற்று, வாழைக்காய் ஒரு சுற்று என்று கேட்டால் ஒவ்வொரு சுற்றும் சூடாக வரும். காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களில் படர்ந்து வளரும் மிளகை வீட்டுக்கு வாங்குவதானால், இரண்டு மணிகளைக் கடித்து, உறைப்பும் மணமும் பார்த்த பிறகு விலை பேசுங்கள். ஞெகிழிப் பைகளுக்குத் தமிழகத்தில் 2019 முதல் தடை இருக்கிறது. சட்னிக்கும் மிளகுக்கும் இரண்டு டப்பாக்களை எடுத்துச் செல்லுங்கள்.