பூக்காத ரோஜாவுக்கு உரம் போடுவதை நிறுத்துங்கள், முதலில் அடியைத் தோண்டிப் பாருங்கள்

கேள்வி: நெல்லிக்குப்பம் பக்கம் எங்கள் தோட்டம். நர்சரியில் வாங்கி வைத்த சிவப்பு ரோஜா முதல் வருடம் நன்றாகப் பூத்தது. போன மழைக்குப் பிறகு ஆள் உயரத்துக்குக் கொடி மாதிரி கிளம்பிவிட்டது, இலையும் சிறுத்துவிட்டது, ஒரு மொட்டுகூட இல்லை. டிஏபி உரம் போட்டேன், கடலைப் பிண்ணாக்குக் கரைசலும் ஊற்றினேன். காட்டு ரோஜாவாக மாறிவிட்டது என்கிறார்கள். வேலியாகவாவது விட்டுவிடலாமா சார்?

பதில்: அக்கா, செடி மாறவில்லை. நீங்கள் வாங்கியது ஒட்டுச்செடி. மேலே சிவப்பு ரோஜா, கீழே வேருக்காக வைத்த காட்டு ரோஜா, ஆக ஒரே குழியில் இரண்டு செடிகள். மேலே இருந்தது செத்துப்போக, கீழே இருந்தது எழுந்து வந்திருக்கிறது. இப்போது போடும் உரமெல்லாம் அந்தக் காட்டுச் செடிக்குத்தான் போகிறது, அதனால் உடனே நிறுத்திவிடுங்கள்.

ஒரு கைக்கொத்து எடுத்து அடி மண்ணை மெதுவாக விலக்கிப் பாருங்கள். தண்டில் முடிச்சு மாதிரி புடைத்த இடம் ஒன்று தெரியும், அதுதான் ஒட்டு. நீளமாகக் கிளம்பிய கிளை அந்த முடிச்சுக்குக் கீழேயிருந்து வந்தால் சந்தேகமே வேண்டாம், அது காட்டு ரோஜா. ஒரு காம்பில் ஐந்து இலை இருந்தால் நல்லது, ஏழு இருந்தால் காடு என்று சொல்வார்களே, அதை முழுதாக நம்பாதீர்கள், நல்ல ரகத்திலும் ஏழு வரும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். அங்கே இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் சின்ன செதில் சீப்புப் பல் போலக் கிழிந்து கிழிந்து இருந்தால் அது ரோசா மல்டிஃப்ளோரா, ஒட்டுக்கு அடிச்செடியாக அதிகம் பயன்படுத்தும் காட்டு ரோஜா. ஜப்பான், கொரியா, சீனா பக்கத்துச் செடி. பருவத்தில் ஒரு தடவை சின்ன வெள்ளைப் பூவாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும், அதுவும் குளிர் வேண்டும், நம் கடலோரச் சூட்டில் அதை எதிர்பார்த்து உட்கார வேண்டாம். (நீலகிரி, பழனி மலைச் சோலைகளில் நம்முடைய காட்டு ரோஜாவே ஒன்று உண்டு, அதுவும் வெள்ளைதான். 1816-ல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷனோ பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். அதுவும் மலையை விட்டு இறங்கினால் நம் ஊரில் தேறாது.)

மேலே இருந்தது ஏன் செத்தது? பெரும்பாலும் நுனிக்கருகலாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடியில் தண்ணீர் நின்று, வெட்டிய நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே கீழே இறங்கும். சிவப்பு ரோஜாத் தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அப்படியானால் கறுத்த பகுதிக்கு இரண்டு அங்குலம் கீழே, நல்ல தண்டில் வெட்டி, காப்பர் ஆக்ஸிகுளோரைடைத் தண்ணீரில் பசையாகக் குழைத்துத் தடவுங்கள். காட்டுக் கிளையைக் கத்தரிக்கோலால் தரை மட்டத்தில் வெட்டாதீர்கள், ஒன்று நாலாகத் துளிர்க்கும். மண்ணைத் தோண்டி, அது கிளம்பிய இடத்திலிருந்தே கீழ்நோக்கிப் பிய்த்து எடுங்கள்.

வேலிக்கு வேண்டாம். அமெரிக்காவில் 1930-களில் இதை வேலிக்கு நடச் சொல்லி அரசே ஊக்குவித்து, பிறகு மேய்ச்சல் நிலமெல்லாம் பரவிக் களையாகிவிட்டது. நர்சரிகளில் முள்ளில்லாத வகையும் புழங்குகிறது, உங்களுடையது அதுவானால் ஆட்டுக்குத் தீனிதான். நமக்குக் கிளுவை இருக்கும்போது இது எதற்கு?

சிவப்பு முழுக்கச் செத்திருந்தாலும் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள், நன்றாக வேர் பிடித்த அடிச்செடி உங்கள் கையில் இருக்கிறது. மழை ஓய்ந்து மார்கழிக் கடைசி, தை மாதத்தில் நீங்களே கண் (இலைக்காம்பு இடுக்கில் இருக்கும் துளிர் மொட்டு) ஒட்டலாம். பென்சில் கனமுள்ள ஒரே ஒரு கிளையை விட்டுவிட்டு மற்றதைப் பிய்த்து எடுங்கள். முதல் நாள் நன்றாகத் தண்ணீர் விட்டால் பட்டை சுலபமாக உரியும், உரியவில்லை என்றால் அன்றைக்கு ஒட்டாதீர்கள். தரைக்குச் சற்று மேலே பட்டையை ஆங்கில ‘T’ எழுத்து மாதிரி கீறி, பூத்து முடிந்த நல்ல ரோஜாக் கிளையிலிருந்து ஒரு கண்ணைப் பட்டையோடு சீவி, இலையைக் கிள்ளிவிட்டுக் காம்பை மட்டும் வைத்து, உள்ளே செருகி, கண் மட்டும் வெளியே தெரியும்படி பாலிதீன் நாடாவால் இறுக்கிச் சுற்றுங்கள். பன்னீர் ரோஜாதான் வேண்டும் என்றால் இந்த வேலையே தேவையில்லை, குச்சி நட்டாலே வரும்.

செடியைச் சுற்றி மண்ணை மேடாக அணைத்து வையுங்கள், அடுத்த மழையில் தண்ணீர் நிற்கக் கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ரோஜா தாங்காது, மக்கிய எரு கூடுதலாகப் போட்டு, கிடைக்கும்போது மழைத்தண்ணீரோ வாய்க்கால் தண்ணீரோ விடுங்கள்.

கண் ஒட்டி மூன்று வாரம் கழித்து, இலையைக் கிள்ளிவிட்டு வைத்த அந்தக் காம்பை விரலால் தொடுங்கள். தொட்டதும் உதிர்ந்து, கண் பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது, நாடாவைப் பிரித்துவிட்டு, கண் துளிர்த்து ஒரு சாண் வந்ததும் அதற்கு மேலே உள்ள காட்டுத் தண்டை வெட்டிவிடுங்கள். காம்பு கருகி ஒட்டிக்கொண்டே இருந்தால் பிடிக்கவில்லை, தண்டின் மறுபக்கத்தில் இன்னொரு கண் வையுங்கள்.