இருப்பாய்வு இடிக்கிறதே!

கேள்வி: தொழிற்சான்றிதழுக்காக ஆன்லைனில் கணக்குப்பதிவியல் படிக்கிறேன். வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. பயிற்சிக் கணக்கில் மட்டும் இருப்பாய்வு (எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளை, அதாவது டெபிட், கிரெடிட்டை, இரு பக்கமாக எழுதிச் சரிபார்க்கும் பட்டியல்) சேர மாட்டேன் என்கிறது. இந்த முறை வித்தியாசம் 540. எங்கே தேடுவது?

பதில்: முதலில் இரு பக்கக் கூட்டலையும் கீழிருந்து மேலாகக் கூட்டிப் பாருங்கள். அதே வழியில் கூட்டினால் அதே தவறுதான் திரும்ப வரும். அடுத்து, 540 என்ற தொகை எங்காவது விடுபட்டதா என்று தேடுங்கள். இல்லையென்றால் பாதி, அதாவது 270. பற்றில் எழுத வேண்டிய 270-ஐ வரவில் எழுதினால் வித்தியாசம் இரட்டிப்பாகும். 540 ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது, கவனித்தீர்களா? இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் அப்படித்தான் வரும். 1,820-ஐ 1,280 என்று இலக்கம் மாற்றியோ, 600-ஐ 60 என்றோ எழுதியிருக்கலாம். என் சந்தேகம் இதன் மேல்தான்.

அவசரப்பட்டு வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் (தவறு தெரியும்வரை தற்காலிகமாக வைக்கும் கணக்கு) தள்ளாதீர்கள்.

சேர்ந்துவிட்டாலும் நிம்மதி வேண்டாம்: இயந்திரப் பழுதுச் செலவை இயந்திரக் கணக்கில் பற்று வைத்தால் இருப்பாய்வு காட்டிக்கொடுக்காது. லாபம்தான் பொய்யாக உயர்ந்து தெரியும்.

மென்பொருளோ பேரேட்டில் (எல்லாக் கணக்குகளும் அடங்கிய ஏடு) தானாகவே பதிந்துவிடும்; உங்களுக்குக் கை பழகாது. அதனால் முதல் 30, 40 கணக்குகளையாவது வீடியோவை நிறுத்திவிட்டுக் கையால் போடுங்கள்.