சிலுவைப் போர்த் தலைவர்களில் யாருடைய வாழ்க்கை உங்களுக்குச் சுவாரசியமாகப் பட்டது?

பெரும்பாலும் இங்கிலாந்து அரசன் ரிச்சர்டைச் சொல்வார்கள். என் தேர்வு, எருசலேமைப் பிடிக்கக் கிளம்பிய முதல் சிலுவைப் போரின் தலைவர்களில் ஒருவனான போஹிமண்ட். அதற்குக் காரணம் என் தொழில். இருபது வருடங்களுக்கு மேலாகப் பத்திரம் எழுதுகிறேன். அப்பன் சொத்தில் பங்கு கிடைக்காத மூத்த தாரத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து புலம்பியிருக்கிறார்கள். போஹிமண்டைப் பற்றிப் படிக்கும்போது அந்த முகங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

அப்பன் ராபர்ட் கிஸ்கார், தெற்கு இத்தாலியைப் பிடித்து ஆண்ட நார்மன் பிரபு. கிஸ்கார் என்றால் தந்திரக்காரன் என்று பொருள். மகனுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் மார்க். பிள்ளை பெரிய உருவமாக இருந்ததால், கதையில் வரும் ஓர் அரக்கனின் பெயரைச் செல்லமாக வைத்துக் கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. அவன் சிறுவனாக இருந்தபோதே, நெருங்கிய உறவுமுறையில் நடந்த கல்யாணம் செல்லாது என்று காரணம் சொல்லி அவன் தாயை அப்பன் விலக்கிவிட்டு, சலெர்னோ இளவரசி சிக்கெல்கைத்தாவைக் கட்டிக்கொண்டான். இளையவளுக்குப் பிறந்த ரோஜர் வாரிசானான். மூத்தவன் 1081-ல் அப்பனோடு கடல் தாண்டிப் போய் பைசாந்தியப் பேரரசன் அலெக்சியோசோடு சண்டை போட்டான். 1085-ல் அப்பன் செத்ததும் நாடு தம்பிக்குப் போனது. தம்பியோடு மல்லுக்கட்டி டரண்டோவையும் சுற்றுப்பட்ட சில ஊர்களையும் பிடுங்கிக்கொண்டான். அவ்வளவுதான் அவன் பாகம்.

1096-ல் தம்பியோடும் சித்தப்பாவோடும் சேர்ந்து அமால்ஃபி நகரை முற்றுகையிட்டுக் கொண்டிருந்தான். அந்தப் பக்கமாகச் சிலுவைப் படைகள் எருசலேமுக்குப் போகின்றன என்று செய்தி வந்தது. யார் இவர்கள், என்ன ஆயுதம், என்ன அடையாளம் என்று விசாரித்தான். பிறகு தன்னிடமிருந்த விலையுயர்ந்த மேலங்கியை வரவழைத்து, எல்லோர் முன்னாலும் வெட்டித் துண்டாக்கிச் சிலுவைகளாகக் கொடுத்தான். முற்றுகையிட்டிருந்த வீரர்களில் பெரும்பகுதி அவன் பக்கம் வந்துவிட, சித்தப்பா முற்றுகையைக் கைவிட்டுச் சிசிலிக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பக்தியா, பிழைப்பா என்று இதைப் பற்றி இன்றும் விவாதம் உண்டு. இரண்டும் இருந்திருக்கலாம். ஆனால் துணியை வெட்டுகிறவனுக்குக் கூட்டத்தின் மனசு நன்றாகத் தெரியும்.

1097 ஏப்ரலில் பைசாந்தியத் தலைநகரான கான்ஸ்டாண்டிநோப்பிளுக்கு வந்து சேர்ந்தான். யாரோடு சண்டை போட்டானோ அதே அலெக்சியோஸ்தான் இப்போது விருந்து வைக்கிறவன். சமைத்த உணவோடு பச்சை இறைச்சியையும் அனுப்பி, பிடித்தபடி சமைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினானாம். போஹிமண்ட் சமைத்ததைத் தொடவில்லை. கூட வந்தவர்களுக்குத் தாராளமாகப் பரிமாறிவிட்டு, இறைச்சியைத் தன் ஆட்களை வைத்துச் சமைத்துச் சாப்பிட்டான். மறுநாள் காலை, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று அவர்களிடம் விசாரித்தான். நன்றாக இருக்கிறோம் என்றார்கள். எனக்குத்தான் விஷம் இருக்குமோ என்று சந்தேகமாக இருந்தது என்றானாம்!

இதைச் சொல்வது பேரரசனின் மகள் அன்னா கொம்னேனா. அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. வயதான பின், அப்பனின் வரலாற்றை எழுதும்போது போஹிமண்டை எதிரி, பொய்யன், பேராசைக்காரன் என்று திட்டுகிறாள். ஆனால் அவன் உயரம், அகன்ற தோள், ஒடுங்கிய இடுப்பு, வெளுத்த நிறம், மற்றவர்களைப் போலத் தோள்வரை தொங்காமல் காதளவில் வெட்டிய முடி, நீலக் கண் என்று வர்ணிக்க ஆரம்பித்தால் நிறுத்த மனம் வரவில்லை. அவனைப் பற்றிய மிகச் சிறந்த சித்திரத்தை எழுதியது எதிராளியின் மகள்தான்.

பேரரசுக்கு முன்பு சொந்தமாக இருந்த ஊர்களைப் பிடித்தால் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று சத்தியம் கேட்டார்கள். மற்ற தலைவர்களில் சிலர் முரண்டு பிடித்தார்கள். போஹிமண்ட் உடனே செய்துகொடுத்தான். நிறைவேற்றும் எண்ணமில்லாதவன்தான் ஷரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவான். அதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

எருசலேமுக்குப் போகும் வழியில், துருக்கியர் கையில் இருந்த பெரிய நகரம் அந்தியோகியா. அதன் முற்றுகை 1097 அக்டோபரில் தொடங்கியது. குளிர்காலத்தில் பட்டினி, குதிரைகள் செத்தன, ஆட்கள் ஓடினார்கள். போஹிமண்ட் ரகசியமாக உள்ளே ஒருவனைப் பிடித்து வைத்திருந்தான்: ஃபிரூஸ், ஒரு கோபுரத்தின் காவல் பொறுப்பில் இருந்தவன். அதைச் சொல்லாமல், யார் நகரைப் பிடிக்கிறார்களோ அவர்களுக்கே நகரம் என்று வைத்துக்கொள்ளலாமா என்று மற்ற தலைவர்களிடம் கேட்டான். மறுத்துவிட்டார்கள். மோசூலிலிருந்து துருக்கியத் தளபதி கெர்போகா பெரும்படையோடு வருகிறான் என்று தெரிந்ததும் இறங்கி வந்தார்கள். பேரரசன் உதவிக்கு வந்தால் அவனுக்கே கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு நிபந்தனை மட்டும்.

1098 ஜூன் 3, விடிவதற்கு முன். ஏணியில் சுமார் அறுபது பேர் ஏறினார்கள். ஏணி போட்ட போஹிமண்ட் இன்னும் கீழேதான் நிற்கிறான். மேலே ஃபிரூஸ் பதறிப்போய், ஆட்கள் ரொம்பக் குறைவு, போஹிமண்ட் எங்கே என்று கிரேக்கத்தில் கேட்டான். ஒருவன் இறங்கி ஓடி வந்து, ஏன் நிற்கிறீர்கள், மூன்று கோபுரம் நம் கையில் என்று சொன்ன பிறகுதான் இவன் கிளம்பினான். இதை எழுதி வைத்தது அவனோடு போன, பெயர் தெரியாத ஒரு வீரன்; போஹிமண்டைத் தூக்கிப் பிடிப்பவன். அவனே இதை மறைக்கவில்லை. பிறகு ஏணி முறிந்தது, இருட்டில் தடவிச் சிறு வாசலைக் கண்டுபிடித்தார்கள், நகரம் விழுந்தது. தெருவெல்லாம் பிணம். போஹிமண்ட் செய்த முதல் காரியம், தன் கொடியைக் குன்றின் மேல் ஏற்றச் சொன்னது. சுவாதீனம் எடுத்தாயிற்று என்று அர்த்தம்.

கெர்போகாவை ஜூன் 28-ல் தோற்கடித்தபோதும் தலைமை அவனுடையதுதான். பேரரசன் பாதி வழி வந்து, எல்லாம் முடிந்துவிட்டது என்ற தவறான தகவலை நம்பித் திரும்பிவிட்டான். அதுவே இவனுக்குப் போதும்: நீ வரவில்லை, ஆகவே ஒப்பந்தம் ரத்து. மற்றவர்கள் எருசலேமைப் பிடித்தபோது (1099 ஜூலை) இவன் அந்தியோகியாவில் உட்கார்ந்திருந்தான். நேர்த்திக்கடனுக்காக அந்த வருடக் கிறிஸ்துமசுக்குப் போய்விட்டு வந்தான்.

இவனை ரசிக்கிறேன் என்று சொல்லும்போது சிரியாவின் மாரா என்ற ஊரை மறக்க முடியாது. 1098 டிசம்பரில் அந்த ஊர் விழுந்தபோது, வாசல் அருகே உள்ள மாளிகையில் கூடினால் உயிருக்கு உத்தரவாதம் என்று ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லி அனுப்பினான். நம்பி வந்தவர்களின் பொருளைப் பறித்துக்கொண்டு, சிலரைக் கொன்று, மற்றவர்களை அந்தியோகியாவில் அடிமைகளாக விற்க அனுப்பினான். இதையும் அதே பெயர் தெரியாத வீரன்தான் எழுதியிருக்கிறான், வருத்தமே இல்லாமல்.

அப்புறம் சறுக்கல்தான். 1100-ல் துருக்கியத் தலைவன் டானிஷ்மெந்திடம் சிக்கி மூன்று வருடம் சிறை. மீட்புத் தொகை ஒரு லட்சம் தினார். அந்தியோகியாவை அப்போது பார்த்துக்கொண்டிருந்த சகோதரி மகன் டான்கிரெட் அதில் ஒன்றும் கொடுக்கவில்லை என்கிறார்கள். 1104-ல் ஹாரானில் பெரும் தோல்வி. ஆள் சேர்க்க ஐரோப்பா திரும்பினான். செத்ததுபோல் சவப்பெட்டியில் படுத்து, நாற்றத்துக்குச் செத்த சேவலைக் கூட வைத்துக்கொண்டு, பேரரசனின் கப்பல்களைத் தாண்டிப் போனான் என்கிறாள் அன்னா. நான் நம்பவில்லை, ஆனாலும் அவனைப் பற்றி இப்படி ஒரு கதை கிளம்பியதில் ஆச்சரியமில்லை. பிரான்ஸ் அரசன் மகளைக் கட்டிக்கொண்டு, 1107-ல் மறுபடி அலெக்சியோசின் நாட்டுக்குள் இறங்கினான். பேரரசன் சண்டைக்கே வராமல் வழிகளை அடைத்துப் பட்டினி போட்டான்.

1108-ல் தேவோல் என்ற இடத்தில் கையெழுத்தான ஒப்பந்தத்தை அன்னா முழுசாகத் தந்திருக்கிறாள். எனக்கு அதுதான் விருந்து. அந்தியோகியா அவனுக்கு, ஆனால் ஆயுட்காலம் வரை மட்டும். அவனுக்குப் பின் பேரரசுக்கே. எந்தெந்தக் கோட்டை, எந்தெந்த ஊர் என்று விவரப் பட்டியல். ஆண்டுதோறும் பேரரசன் தர வேண்டிய ஒரு தொகை. முள்முடி, ஆணிகள், கிறிஸ்துவைக் குத்திய ஈட்டி மேல் சத்தியம். கடைசியில் சாட்சிகள். நம் ஊர் ஆயுள் அனுபவ பாத்தியப் பத்திரத்தை அப்படியே பார்த்த மாதிரி இருந்தது.

எழுதிக் கொடுத்தவன் இத்தாலியில். நிலத்தில் இருந்தவன் டான்கிரெட். அவன் அந்த ஒப்பந்தத்தை ஏற்கவே இல்லை. போஹிமண்ட் திரும்பிப் போகாமலே 1111-ல் இறந்தான். கனோசாவில், தேவாலயத்தை ஒட்டிச் சின்னக் கல்லறை மண்டபம். வெண்கலக் கதவில் நீளமாகப் புகழ்ப்பாட்டு இருக்கிறது. உள்ளே தரைக்கல்லில் பட்டம், ஊர், வருடம் எதுவும் இல்லை. லத்தீனில் ஒன்பது எழுத்து, அவன் பெயர்.