கேள்வி – பதில்: நியாமா, நீவா?

கேள்வி: டப்ளினில் இருக்கும் என் தங்கச்சி தன் மகளுக்கு என், ஐ, ஏ, எம், எச் என்ற ஐந்து எழுத்தில் ஐரிஷ் பெயர் வைத்திருக்கிறாள். வீட்டில் ஆளுக்கொரு மாதிரி நியாம், நையாம், நியாமா என்கிறோம். 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு முன் அம்மாவுக்குத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். பொருள் என்ன? பிள்ளை அனுஷம்.
(வாசகி, ஆரையம்பதி)

பதில்: 'நீவ்' என்று எழுதிக் கொடுங்கள். ஒளி, பளபளப்பு என்பது பொருள். நடுவில் உள்ள ஐயும் ஏயும் சேர்ந்து 'ஈ'யில் தொடங்கி 'அ'வில் தேயும் ஒலியைத் தருவதால், சிலர் வாயில் 'நீயவ்' என்றும் வரும். அதுவும் சரியே.

எல்லோரையும் தடுக்கி விழுத்துவது அந்த எம்மும் எச்சும்தான். பழைய ஐரிஷ் நெடுங்கணக்கில் 18 எழுத்துகள். அவற்றில் வி இல்லை. வகர ஒலி வேண்டுமானால் பி அல்லது எம் எழுத்தின் தலையில் புள்ளி குத்துவார்கள். நமக்கும் புள்ளி உண்டு, ஆனால் வேலை வேறு: நம் புள்ளி உயிரை நீக்கும், அவர்களுடையது மெய்யின் ஒலியையே மாற்றும். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பழைய எழுத்து வடிவத்தைக் கைவிட்டபோது புள்ளி இருந்த இடத்துக்கு எச் வந்தது. ஆகவே அந்த எச்சுக்குத் தனி ஒலி கிடையாது. 'நியாம்ஹ்' என்று மூச்சு விட வேண்டாம்.

தமிழில் எழுதும்போது வேறொரு சங்கடம். வகர மெய்யில் முடியும் சொற்கள் நான்கே என்கிறது தொல்காப்பியம்: அவ், இவ், உவ், தெவ். அதனால் அம்மம்மாவின் வாயில் பெயர் 'நீவு' ஆகிவிடும். திருத்தப் போகாதீர்கள். தலைமுடியை நீவிவிடுகிறோமே, அந்த நீவுதான். ஒருமுறை சொன்னால் அவருக்கு மறக்காது. உருபு சேர்த்தால் நீவை, நீவுக்கு, நீவின் என்று வரும். முதலெழுத்து நெடில் என்பதால் வகரம் இரட்டிக்காது, 'நீவ்வை' பிழை.

அனுஷத்துக்கு ந, நி, நு, நே. வழக்கில் நீயையும் நியோடு சேர்த்தே பார்ப்பார்கள். சாத்திரியாரிடம் ஆங்கில எழுத்தைக் காட்டாமல் ஒலியைச் சொல்லுங்கள். காட்டினால் அவரும் 'நையாம்' என்று வாசிக்கக்கூடும். வீட்டுப் பெயராக நிலா என்று வைத்தால் எழுத்தும் பொருந்தும், ஒளியும் விட்டுப்போகாது.

ஐரிஷ் பழங்கதையில் நீவ் பொன்முடி கொண்டவள். வெள்ளைக் குதிரையில் வந்து, ஒஷீன் என்ற வீரனை இளமை மாறாத நாட்டுக்கு அழைத்துப் போகிறாள். அங்கே அவனுக்கு மூன்று ஆண்டு. இங்கே 300 ஆண்டு. ஊரைப் பார்க்க ஆசைப்பட்டவனிடம் நிலத்தில் கால் வைக்காதே என்று சொல்லி அனுப்புகிறாள். ஒரு கல்லை நகர்த்தக் குனிகிறான், சேணவார் அறுகிறது, விழுந்த இடத்திலேயே கிழவனாகிறான். கதை பழையது. ஆனால் பிள்ளைகளுக்கு இப்பெயரை வைப்பது பெருவழக்கானது கடந்த நூற்றாண்டில்தான்.

கேள்வி: (அதே வாசகி) எண்சாத்திரத்தில் கூட்டு 16 வருகிறதாம். ஓர் எழுத்தைக் கூட்டலாமா?

பதில்: கணக்குச் சரி: 5, 1, 1, 4, 5. ஆனால் நடுவில் இன்னொரு ஏ செருகினால் அயர்லாந்தில் ஆசிரியருக்கே வாசிக்க வராது. என், ஈ, வி, ஈ என்று ஆங்கில வழியில் எழுதுவோரும் இருக்கிறார்கள். அதன் கூட்டு 21. அதுதான் வேண்டுமென்றால் அங்கே பிறப்பைப் பதியுமுன் முடிவெடுக்க வேண்டும். இலங்கைக் குடியுரிமைக்குப் பிள்ளை பிறந்து ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டியிருக்கும். அப்போது இரண்டு பத்திரங்களிலும் எழுத்து வேறுபட்டால் கடவுச்சீட்டு வரை அலைச்சல்தான். எங்கள் எண்ணம், 16ஐ விட அந்த அலைச்சலே பெரிய தோஷம்.

கேள்வி: எங்கள் அப்பம்மாவின் பெயர் பிரிஜிற்றம்மா. இதுவும் அயர்லாந்துப் பெயரா?
(வாசகர், தாண்டவன்வெளி)

பதில்: இருக்கலாம். இப்பெயர் வழியில் புனிதையர் இருவர். கில்டேர் பிரிஜித் அயர்லாந்துக்காரர், திருநாள் பெப்ரவரி 1. 2023 முதல் அந்தத் திருநாளையொட்டி அங்கே பொது விடுமுறையும் விடுகிறார்கள். மற்றவர் சுவீடன் நாட்டவர், இன்றைய நாட்காட்டியில் திருநாள் ஜூலை 23. அப்பம்மா தன் நாமத் திருநாளை எப்போது கொண்டாடினார் என்று வீட்டில் விசாரியுங்கள். ஞானஸ்நான அத்தாட்சி இலத்தீனில் இருந்தால் அதையும் பாருங்கள்: பிரிஜிதா என்றால் பெரும்பாலும் முதலாமவர், பிர்கித்தா என்றால் மற்றவர்.

ஐரிஷில் இப்பெயர் பிரீட். உயர்ந்தவள் என்று பொருள் சொல்வார்கள். அந்த மொழியில் பேசும்போது அவரை விளித்தால் 'அ வ்ரீட்' என்று முதலெழுத்து மாறும். நாம் அண்ணனை 'அண்ணா' என்று கடைசியில் மாற்றுகிறோம், அவர்கள் தொடக்கத்தில் மாற்றுகிறார்கள். 'ந' ஒலியில் தொடங்கும் நீவ், விளித்தாலும் எழுத்தில் அப்படியே நிற்கும். முன்னால் ஓர் 'அ' மட்டும் வரும்.